கொம்பையா அண்ணாச்சியின் வலது கை

வந்துவிட்டார். செருப்புச் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது, இடது காலைக் கொஞ்சம் இழுத்து வைக்கிற நடை, பின்னாலேயே அவர் சம்சாரம் ஆவுடையம்மாளின் பிளாஸ்டிக் கூடை கதவில் உரசுகிற சத்தம். நான் இன்னும் கை கழுவிக்கொண்டிருக்கிறேன். சோப்பு எப்போதோ போய்விட்டது, விரல் நுனியெல்லாம் சுருங்க ஆரம்பித்துவிட்டது, ஆனாலும் குழாயை மூட மனசு வரவில்லை. தண்ணீர் ஓடுகிற வரைக்கும் முதுகைக் காட்டி நிற்க எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. டயாலிசிஸ் அறையில் கை கழுவுகிற நர்ஸை யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். எங்கள் டெக்னீசியன் மிக்கேல் அவரை எடை மெஷினில் ஏற்றுகிறான். "அண்ணாச்சி, நாலு கிலோ ஏறியிருக்கு." நாலு கிலோவும் தண்ணீர். சிறுநீரகம் இரண்டும் நின்றுபோன உடம்பில் குடித்த தண்ணீர் எங்கே போகும், காலில் நிற்கும், முகத்தில் நிற்கும், கடைசியில் நெஞ்சில் ஏறும். வாரத்துக்கு இரண்டு தடவை இங்கே வந்து படுத்து, மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் பண்ணி அந்தத் தண்ணீரை இறக்கினால்தான் அடுத்த வாரம். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இன்றைக்கு அவர் வந்திருக்கமாட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நிர்வாகி சிவநேசன் சார் தன் அறையில் என்னை உட்காரவைத்து, காப்பி வரவழைத்துக் கொடுத்து, "நீங்க வேண்டாம்னு சொல்லுங்க இசக்கி சிஸ்டர், செவ்வாய்க்கிழமையிலருந்து அந்த ஆளை எடுக்கமாட்டோம், உங்க விருப்பம்தான்" என்றார். என் விருப்பமாம். இசக்கியம்மாள் என்கிற ஒரு நர்ஸின் விருப்பத்தில் ஒரு மனுஷன் மூச்சு தொங்குகிறதாம். இந்தப் பக்கத்தில் வேறு எந்த டயாலிசிஸ் அறையிலும் இடம் கிடையாது, அது சாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். காப்பியில் ஆடை கட்டுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து வந்தேன். சனி, ஞாயிறு, திங்கள். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. பேசாமல் இருந்ததே சரி என்று சொன்னதாகிவிட்டது. இதோ எடை மெஷினிலிருந்து இறங்குகிறார்.

வெள்ளிக்கிழமையை நினைக்கக் கூடாது என்று நினைக்கும்போதே கன்னத்தில் சூடு ஏறுகிறது. டயாலிசிஸ் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அவருக்குக் கால் சுண்டி இழுத்தது, தண்ணீரை மெஷின் வேகமாக எடுத்தால் அப்படி வரும், கெண்டைக்கால் இறுகி, விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு. நான் ஓடிப்போய் வேகத்தைக் குறைத்தேன், அவர் பாதத்தை என் வயிற்றில் முட்டுக்கொடுத்து அமுக்கினேன். "விடுட்டி, ஊசியப் புடுங்கு, நான் போறேன்" என்று அறை முழுக்கக் கேட்கக் கத்தினார். "கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி" என்றேன். அப்புறம் இன்னொன்றும் சொன்னேன். சொல்லிக்கொண்டே பிரஷர் பார்க்கத் தலைமாட்டுக்கு வந்து குனிந்தேன். அவ்வளவுதான். வலது கை வந்தது. சத்தம் முதலில், அப்புறம்தான் மற்றது. என் கண்ணாடி தெறித்து அடுத்த படுக்கைக்கு அடியில் போய் விழுந்தது. அவர் எம்பின வேகத்தில் இடது கையில் இருந்த ஊசி ஒன்று பிடுங்கிக்கொண்டது. டயாலிசிஸுக்காக ஆபரேஷன் பண்ணி ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்த கை அது, அங்கே ரத்தம் கசியாது, பீய்ச்சும். சுவரில் அடித்தது, என் கழுத்தில் அடித்தது. என் கை தானாகப் போய் அந்த இடத்தை அமுக்கிக்கொண்டது. நான் அதனிடம் சொல்லவே இல்லை. ஒரு காது இரைந்துகொண்டிருக்க, கண்ணாடி இல்லாமல் எல்லாம் கலங்கித் தெரிய, என்னை அடித்த மனுஷனின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவர் முகத்துக்கு முன்னால் நின்றேன். அடிபட்டவர்கள் விலகி ஓடலாம், ஒரு மூலையில் உட்கார்ந்து அழலாம், திருப்பி அடிக்கக்கூடச் செய்யலாம். எனக்கு எதுவும் கிடையாது, கையை விட்டால் அவர் உயிர் போய்விடும். அவர் மூச்சு என் நெற்றியில் பட்டது, சிறுநீரகம் போனவர்களுக்கு வருகிற அந்த வாடையோடு. எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ. மிக்கேல் வந்து, "விடுங்கக்கா, நான் பிடிச்சிட்டேன்" என்று என் விரல்களைப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

எல்லோருக்கும் முதல் கேள்வி ஒன்றுதான். "நீ என்ன சொன்ன?" டாக்டர் அம்மா கேட்டார், நீங்க என்ன சொன்னீங்க என்று மரியாதையாக. சிவநேசன் சார் கேட்டார். பக்கத்துப் படுக்கை பாத்திமுத்து அம்மா மெஷினோடு படுத்தபடியே, "என்ன மக்கா சொன்ன அவன்ட்ட?" என்றாள். எங்க வீட்டுக்காரர்கூட. அவரிடம் முதலில் சொல்லவில்லை, பஸ்ஸில் கம்பி இடித்துவிட்டது என்று சொல்லிவைத்தேன், ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை, அடித்தது நான் என்பது மாதிரி ஒரு கூச்சம். கடைவாய்ப் பல் வலித்து ஒரு பக்கமாகவே மென்றுகொண்டிருந்தேன், மகள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் டியூஷனுக்குப் போன பிறகு ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். அவர் எழுந்துவிட்டார், "எவன் அவன், எந்த ஊருக்காரன்" என்று சட்டையைத் தேடினார், சட்டையைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்தார், கொஞ்ச நேரம் கழித்து, "ஆமா, நீ என்ன சொன்ன?" என்றார். நான் என்ன சொன்னேன். தண்ணியக் குடிக்கும்போது தெரியலையா அண்ணாச்சி, இப்பக் கத்துனா என்ன செய்ய. அதுதான் சொன்னேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். சிரித்தேனா. தண்ணி என்றதை அவர் சாராயம் என்று எடுத்துக்கொண்டாரோ, லாரி ஓட்டின காலத்தில் குடித்தவர்தானே, குடித்துத்தான் உடம்பு போச்சு என்று சொந்தக்காரர்கள் பேசுவது அவர் காதில் விழாமலா இருக்கும். தண்ணி என்று சொன்னேனா, தண்ணீர் என்றா, நான் எந்தக் காலத்தில் தண்ணீர் என்று பேசியிருக்கிறேன். குரல் எப்படி இருந்தது. அன்றைக்குக் காலையில் கேஸ் தீர்ந்துபோய் வீட்டில் ஒரே எரிச்சல், அந்த எரிச்சல் குரலில் இருந்ததா. பஸ்ஸில், குளிக்கும்போது, அரிசி களையும்போது அந்த ஒரு பேச்சை விதவிதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன், எரிச்சலாக, செல்லமாக, குரலே இல்லாமல். எப்படிச் சொன்னாலும் அதற்குப் பதில் ஒரு அறை என்று ஆகமாட்டேன் என்கிறது. ஆகவில்லை என்றால் விட வேண்டியதுதானே. விட்டேன். அடுத்த நிமிஷம் மறுபடி உதட்டில் வந்து நிற்கிறது: தண்ணியக் குடிக்கும்போது தெரியலையா.

தாகத்தைப் பற்றி எனக்குத் தெரியாததா. நோயாளிகளுக்கு நாங்கள் சொல்கிற அளவில் ஒருநாள் நானே இருந்து பார்த்தேன், மத்தியானத்துக்குள் தோற்றுப்போய்ச் செம்போடு வாயில் கவிழ்த்தேன். இவர் சிவகாசியிலிருந்து நாக்பூர் வரைக்கும் வத்திப்பெட்டி லோடு அடித்தவர். "வார்தா பக்கம் வெயில்ல ரோடு உருகும் சிஸ்டரு, கேனோட தூக்கிக் குடிப்பேன், வயிறு சில்லுனு ஆவும்" என்று அந்தச் சில்லிப்பை இப்போதே குடிப்பது மாதிரி கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். நல்ல நாட்களில் அப்படியெல்லாம் பேசுவார். அதை நினைத்தால் பாவமாக இருக்கிறது, பாவமாக இருப்பதை நினைத்தால் ஆத்திரமாக வருகிறது. எனக்கு எதற்கு அவர் மேல் பாவம், என் கன்னத்துக்கு யார் பாவம் பார்த்தார்கள். போன வருஷம் சென்னையிலிருந்து ஒருவர் வந்து எங்களுக்கெல்லாம் வகுப்பு எடுத்தார், முரட்டு நோயாளிகளைச் சமாளிப்பது எப்படி என்று. நோயாளி உங்கள் மேல் கோபப்படவில்லை, நோயின் மேல் கோபப்படுகிறார், குரலைத் தாழ்த்துங்கள், கண்ணைப் பார்த்துப் பேசுங்கள், ஒரு கை தூரம் தள்ளி நில்லுங்கள். நாங்களும் தலையாட்டினோம், மத்தியானம் வெஜிடபிள் பிரியாணி. ஒரு கை தூரம் தள்ளி நின்று ஊசி குத்துவது எப்படி என்று அவர் சொல்லித்தரவில்லை. நோயின் மேல்தான் கோபம் என்றால் நோயை அடித்திருக்க வேண்டியதுதானே. இந்த ஆவுடையம்மாள் மதினி சனிக்கிழமை மருந்துக்கடைக்கு முன்னால் என்னைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு கையையும் பற்றிக்கொண்டு, "கை தவறிப் பட்டிருச்சு தாயி, மனசுல வச்சுக்கிடாத" என்றாள். "தவறிப் படல மதினி, அடிச்சாவ" என்றேன். அவள் கையை விட்டாள். "ஆமா, அடிச்சாவ. நான் வாங்காத அடியா? ஒரு அடிக்காக ஆளையே கொன்னுருவியா?" அழவில்லை, கெஞ்சவில்லை, நிஜமாகவே பதில் தெரிந்துகொள்ளக் கேட்பது மாதிரி கேட்டாள். நான் பஸ்ஸைப் பார்த்து நடந்துவிட்டேன். கொன்னுருவியா. கையில் கத்தியும் இல்லாமல், ஒன்றும் செய்யாமல், ஒரு வாய்ச்சொல்லில் கொல்லக்கூடிய ஆளாக என்னை எல்லோருமாகச் சேர்ந்து ஆக்கிவிட்டார்கள். அடித்தவர் கொம்பையா அண்ணாச்சி, கொலைகாரி நான்.

குழாயை மூடிவிட்டேன். "நான் வேணா குத்தட்டுமாக்கா?" மிக்கேல் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்கிறான். குத்தச் சொல்லலாம். சொன்னால் இன்றைக்குத் தப்பிக்கலாம், வெள்ளிக்கிழமை? அதற்கடுத்த செவ்வாய்? நாளைக்கு இன்னொருவர் கத்தினால் அவரையும் மிக்கேலிடம் தள்ளிவிட்டு நான் எந்தப் படுக்கைக்குப் போவேன். "வேண்டாம், நான் பாக்குதேன்" என்று சொன்னது என் குரல்தான். நடந்துவிட்டேன், தரை வழுக்குகிற மாதிரி இருக்கிறது, வழுக்கவில்லை. அவர் படுத்திருக்கிறார், இடது கையை எனக்காக நீட்டி வைத்திருக்கிறார், முகம் சுவரைப் பார்த்து. ஆவுடையம்மாள் கால்மாட்டில் கூடையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பதா உட்காருவதா என்று தெரியாமல். யாரும் யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. விரலை வைத்துப் பார்த்தேன், தோலுக்கு அடியில் ரத்தம் ஓடுகிற அந்த அதிர்வு இருக்கிறது, பூனை நெஞ்சில் கை வைத்தால் வருமே அது மாதிரி. மருந்து வைத்துத் துடைத்தேன். ஊசியை எடுத்தேன். சாதாரண ஊசி இல்லை, இது தடி, பார்க்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள். இந்தக் கையில் எத்தனை தடவை குத்தியிருப்பேன், கண்ணை மூடிக்கொண்டு குத்துவேன். குத்தினேன். இறங்கியது, ரத்தம் வரவில்லை. தவறிவிட்டது. திருப்பினேன், வரவில்லை, சதைக்குள் நிற்கிறது, அவர் கை ஒரு முறை துடித்து அடங்கியது. கத்தவில்லை. எப்போதும் ஒரு சின்ன வலிக்கே ஏழு ஊருக்குக் கேட்கக் கத்துகிறவர், பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்க்கிறார். கை நடுங்கினதால் தவறியதா, இல்லை, கைக்கு வேண்டும் என்று தோன்றித் தவறியதா? அன்றைக்கு அமுக்கச் சொல்லாமலே அமுக்கின கை, இன்றைக்குக் குத்தச் சொல்லாமலே குத்துமோ? திருப்பினேனே, அந்தத் திருப்பல் தேவைதானா, ஒரு நிமிஷம் அவர் கை துடித்ததைப் பார்த்தபோது எனக்குள் ஒன்று திருப்தியாக உட்கார்ந்ததே, அது யார். ஊசியை உருவிப் பஞ்சை வைத்து அமுக்கினேன். அவருக்கும் அது தோன்றியிருக்கும். தோன்றித்தான் கத்தாமல் இருக்கிறார், வாங்கினால் சரியாகிவிடும் என்று வாங்கிக்கொள்கிறார். அப்படியென்றால் ஒவ்வொரு தடவையும் நான் கொடுக்கவும் அவர் வாங்கவும் இப்படியே போகுமா. இதை இப்படி விட்டால் நான் ஒருநாள் இந்த மனுஷனை நிஜமாகவே ஏதாவது செய்துவிடுவேன்.

"அண்ணாச்சி" என்றேன். திரும்பவில்லை. "அண்ணாச்சி, இங்க பாருங்க. எனக்கு ஒண்ணு தெரியணும். அன்னைக்குத் தவறிப் பட்டுச்சா, அடிச்சியளா?" ஆவுடையம்மாள் அவசரமாக முன்னால் வந்தாள். "அதான் சொன்னேம்லா தாயி, தவறித்தான்—" "நீ சும்மா இரு" என்றார் அவர். முகத்தைத் திருப்பினார். கண்ணுக்குக் கீழே இரண்டு பக்கமும் தண்ணீர் தேங்கி வீங்கியிருக்கிறது. "அடிச்சேன்" என்றார். பாத்திமுத்து அம்மா கண்ணை மூடித் தூங்குகிற மாதிரி நடிக்கிறாள். "ஏன் அடிச்சிய? நான் தண்ணியப் பத்திச் சொன்னதுக்கா?" அவர் யோசித்தார். "நீ என்ன சொன்னேன்னே எனக்குத் தெரியாது. காதுலயே விழல. கால் இழுத்து உயிர் போவுது. எதையாவது அடிக்கணும்னு வந்துச்சு. நீதான் எட்டுத தூரத்துல நின்ன." அவ்வளவுதான். காதிலேயே விழவில்லை. மூன்று நாளாக நான் பல்லுக்கிடையில் வைத்து மென்றுகொண்டிருந்த பேச்சு அவர் காதிலேயே விழவில்லை. என் குரலுக்கும் கேஸ் தீர்ந்ததற்கும் தண்ணிக்கும் தண்ணீருக்கும் அதில் ஒரு பங்கும் இல்லை. பக்கத்தில் நின்றேன், பட்டது. சந்தோஷப்பட வேண்டுமா, இன்னும் கேவலமாக நினைக்க வேண்டுமா, தெரியவில்லை. "நான் எட்டுத தூரத்துல நின்னாத்தான் அண்ணாச்சி ஒங்களுக்கு வைத்தியம். தள்ளி நின்னு செய்யுத வேலையில்ல இது" என்றேன். "கத்துங்க. ஏசுங்க. கால் இழுத்தா அந்தக் கட்டிலைப் போட்டு அடிங்க. இனி ஒரு தடவ என் மேலயோ மிக்கேல் மேலயோ கை வந்துச்சுன்னா, நானே போயி வேண்டாம்னு சொல்லிருவேன். அதுக்குப் பெறவு மதினி வந்து கேட்டாலும் மாத்தமாட்டேன். அத உங்ககிட்ட முன்னாலயே சொல்லிப்புடுதேன்." பேசி முடித்த பிறகுதான் குரலை நான் தாழ்த்தவும் இல்லை உயர்த்தவும் இல்லை என்பது தெரிந்தது. அவர் "சரி" என்றார். பிறகு யாரும் சொல்லாமலே வலது கையை எடுத்துத் தன் தொடைக்கு அடியில் கொடுத்து, மேலே அழுத்திப் படுத்துக்கொண்டார். ஸ்டியரிங் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன அவ்வளவு பெரிய கை. "குத்து" என்றார்.

இந்தத் தடவை இறங்கியது. ரத்தம் ஊசியின் குழாயில் துள்ளி ஏறியது. இரண்டாவதும் இறங்கியது. பிளாஸ்திரி ஒட்டி, குழாய்களை மாட்டி, மெஷினை ஓட விட்டேன், அவர் ரத்தம் சிவப்பாக வளைந்து வளைந்து போய் மெஷினுக்குள் நுழைந்தது. வாசலில் சிவநேசன் சார். உள்ளே வரவில்லை, கதவைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணும் பிரச்னை இல்லையே சிஸ்டர்? அன்னைக்கு ஏதோ கை தவறிப் பட்டதுன்னு அந்தம்மா சொன்னாங்க, அப்படியே விட்டுடலாம்ல?" என்று சிரிக்கிறார். "தவறிப் படல சார், அடிச்சாவ. அவியளே சொல்லிட்டாவ" என்றேன். படுத்திருக்கிறவர் மறுக்கவில்லை. "டயாலிசிஸ் நடக்கட்டும், நான்தான் செய்வேன். ஆனா நடந்தது அடி. தவறினதுன்னு யாரும் பேசக் கூடாது. அப்புறம், இவியளுக்கு ஊசி குத்தும்போது என்கூட இன்னொரு ஆள் நிக்கணும். நீங்க நின்னாலும் சரி." சிவநேசன் சாரின் சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் மிக்கேலைத் தேடியது. "பாக்கலாம் சிஸ்டர்." "பாக்கலாம் இல்ல சார். அடுத்த தடவையிலருந்து." நான் இப்படிப் பேசுவேன் என்று எனக்கே தெரியாது. சரி சரி என்று தலையை ஆட்டிக்கொண்டு போனார். பாத்திமுத்து அம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, மறுபடி மூடிக்கொண்டாள். முடிந்துவிட்டது என்று நினைத்தேன். பேச வேண்டியதைப் பேசியாகிவிட்டது, கேட்க வேண்டியதைக் கேட்டாகிவிட்டது, இனி இது ஒரு சாதாரணக் காலை, எனக்கு மற்றப் படுக்கைகள் இருக்கின்றன. நெஞ்சு லேசாகக்கூட இருந்தது.

பிரஷர் பார்க்கும் நேரம். ஊசி இல்லாத கையில்தான் பார்க்க வேண்டும். பட்டையை எடுத்துக்கொண்டு அவருடைய வலது பக்கம் போய், "கையக் கொடுங்க அண்ணாச்சி" என்று குனிந்தேன். அவர் தொடைக்கு அடியிலிருந்து கையை உருவி என் பக்கமாகத் தூக்கினார். தூக்கினார், அவ்வளவுதான், நான் கேட்டதால் கொடுக்கத்தான் தூக்கினார். என் தலை ஒரு பக்கமாக வெடுக்கென்று ஒதுங்கியது, தோள் காதுவரை ஏறியது, பட்டை கீழே விழுந்தது. அறையில் வேறு யாரும் கவனித்தார்களா தெரியாது. அவர் பார்த்துவிட்டார். கை அந்தரத்திலேயே நிற்கிறது, கீழே வைப்பதா, அப்படியே வைத்திருப்பதா என்று அந்தக் கைக்குத் தெரியவில்லை. மூன்று நாளாக எனக்கு வராத அழுகை இப்போது வருகிறது, இங்கே வேண்டாம், இப்போது வேண்டாம். குனிந்து பட்டையை எடுக்கிறேன், நிமிர்ந்தால் ஆவுடையம்மாள் எழுந்து நிற்கிறாள், கூடை தரையில். அவள் என்னைப் பார்க்கவில்லை. அவரைப் பார்க்கிறாள். அந்த மாதிரி அவள் அவரைப் பார்த்து நான் பார்த்ததில்லை. சுற்றி வந்து, அந்தரத்தில் நின்ற கையை மணிக்கட்டில் பிடித்தாள்.

"மெதுவாத் தூக்குங்க" என்றாள். "அவ பயப்படுதாள்லா."

அவள் பிடித்த பிடியிலேயே கை இறங்கி மெத்தையில் மல்லாந்து கிடந்தது. நான் பட்டையைச் சுற்றினேன், பொத்தானை அழுத்தினேன். காற்று ஏறி இறுகுகிற வரைக்கும் அவள் பிடியை விடவில்லை.